கொசுக்கடி என்று சொன்னவள்

ராஜாமணி வீட்டுத் தரையில் சோறு போட்டுத் தின்னலாம். அப்படித் துடைத்து வைத்திருப்பாள். பெண்கள் ஹாஸ்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை; பகலெல்லாம் ஊரான் பிள்ளைகளின் அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்து, மறுபடி தன் வீட்டையும் ஒரு முறை துடைத்த பிறகுதான் டீத்தண்ணி வைப்பாள். அந்த வீட்டுக்குத்தான் மூட்டைப்பூச்சி வந்தது. அழுக்கு இருக்கும் வீட்டைத்தான் அது தேடிப் போகும் என்று சொல்லித் திரிகிறவர்கள் வாயில் பிடி மண்ணை அள்ளிப் போட்டால் தேவலை.

அவள் பிறந்தது மணிமங்கலத்தில். சுங்குவார்சத்திரத்து நாகப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரே சுவரை ஒட்டிக் கட்டிய மூன்று வீடுகளில் நடு வீட்டுக்குக் குடிவந்தாள். நாகப்பன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து ஒருநாள் காபி கேட்டவன், காபி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் இசைவாணி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தாயும் மகளும் ஒரே பாயில்தான் படுத்தார்கள். இடம் இல்லாமல் அப்படிப் படுக்கவில்லை, ஒருத்தியை விட்டு ஒருத்திக்குத் தூக்கம் வராது.

இசைவாணி டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியில் லைன் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த பிரவீனை இரண்டு வீட்டுச் சம்மதத்தோடும் கட்டிக்கொண்டாள். சிங்கப்பெருமாள் கோவிலில் அவர்களுக்கு மாடி வீடு, அறைக்கு அறை கட்டில் மெத்தை. வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும்போது பிரவீனின் அம்மா கேட்டாள்:

"சம்மந்தியம்மா, பொண்ண பாயிலதான் படுக்க வெப்பீங்களா? இடுப்பு புடிச்சிக்கப் போவுது."

அந்த அம்மாள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமான கவலைதான். ஆனால் ராஜாமணிக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கிளியம்மாளிடம் ஒரு பழைய கட்டில் சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினாள். அந்த வாரமே ஹாஸ்டலில் ஒரு பிளாக்கின் மெத்தைகளையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டார்கள். கிழிசல் இல்லை, கறை இல்லை. எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டாள். ஸ்டாக் மாற்றுகிறோம், வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போ என்றார் சூப்பர்வைசர். அவள் ஆட்டோ பிடித்து ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். மகளிடம் புதுசு என்று சொன்னாள். இசைவாணி அதில் கையை அழுத்தி அழுத்திப் பார்த்துச் சிரித்ததை நினைத்து நினைத்து ராஜாமணி ஒரு வாரம் பூரித்துப் போயிருந்தாள். பாவம், அந்தப் பூரிப்புக்குக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சில நாட்களில், பிள்ளையின் கன்னத்தில் சிவப்பாக மூன்று தடிப்பு, ஒரே வரிசையில்.

"இன்னாம்மா இது, இப்டி செவந்து கீது?"

"கொசும்மா. சாயங்காலம் கதவு தொறந்தே கெடந்துச்சி பாரு, அதான்."

அன்றைக்கு அவள் அப்படித்தான் நம்பினாள். மறுநாள் இசைவாணி குளிக்கப் போயிருந்தபோது விரிப்பை மாற்றினாள். விரிப்பில் பேனா முனையால் குத்தினது போலக் கறுப்புப் புள்ளிகள். மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே கும்பலாக உட்கார்ந்திருந்தன, குடித்துக் கொழுத்தவையும், நேற்றுப் பொரிந்தவையுமாக. ஒன்றை நசுக்கினாள். அவள் விரலில் இருந்தது பேத்தியின் ரத்தம்.

இசைவாணிக்கும் அவளுக்கும் உடம்பில் ஒரு தடம் கிடையாது. சிலருக்குக் கடித்தது தெரியவே தெரியாது. பச்சைப் பிள்ளையின் உடம்புதான் அப்பட்டமாகக் காட்டிக்கொடுத்தது. அந்த நிமிஷமே மகளைக் கூப்பிட்டு, தங்கமே இப்படி ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் அடுத்த ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை வைத்துப் பார்க்க வக்கில்லாதவள் என்ற பேர் நிலைக்கும். அதை விடவும், மகள் மறுபடி தன் பக்கத்தில் படுத்துத் தூங்கும் நாட்கள் இவ்வளவுதான், இனி வராது. அதனால் வாயை மூடிக்கொண்டாள். மகள் குளிக்கும் நேரமும் தூங்கும் நேரமும் பார்த்துத் திருட்டுத்தனமாக மண்ணெண்ணெய் தடவினாள், கடையில் ஸ்ப்ரே வாங்கி அடித்தாள். அவை தையலை விட்டுக் கிளம்பிச் சுவர் விரிசலுக்கும் காலண்டருக்குப் பின்னாலும் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் குடியேறின.

பிள்ளையை மெத்தையில் போடாவிட்டால் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. தன் பழைய நூல் புடவையை எடுத்து, கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயில் கயிறு கட்டித் தூளி போட்டாள். அந்தரத்தில் தொங்குவதை எது வந்து கடிக்கும்? அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். பூச்சிக்கு வேறு கணக்கு. அது சுவர் ஏறி, குழாய் வழியே நடந்து, கயிற்றில் இறங்கியது. விடிந்தால் பிள்ளையின் கழுத்திலும் கையிலும் தடிப்பு. இசைவாணி ஒவ்வொரு நாளும் கேட்டாள். ராஜாமணி ஒவ்வொரு நாளும் கொசு என்றாள். கொசுவத்தி கொளுத்தினாள், வலை வாங்கி வந்தாள், வலை போட்டும் கொசு எப்படித்தான் வருகிறதோ என்று மகள் எதிரிலேயே அதைத் திட்டினாள். பொய்யை அவ்வளவு நேர்த்தியாகப் பராமரித்தாள்.

பேர் வைக்கிற நாளன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சத்யப்பிரியா என்று பிள்ளையின் காதில் பிரவீனின் அம்மா மூன்று தரம் சொன்னாள். சொல்லிவிட்டுத் தூளியில் போடக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கயிற்று முடிச்சிலிருந்து ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது, நல்ல பகலில், யாருக்கும் பயப்படாமல்.

"இன்னா சம்மந்தியம்மா இது?"

பிரவீன் கட்டிலைச் சாய்த்து மெத்தையைத் திருப்பினான். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் நல்ல பையன், குரலை உயர்த்தவில்லை.

"கொழந்தைக்கு இன்ஃபெக்‌ஷன் ஆயிடும் அத்த. நாங்க கூட்டிக்கினு போறோம்."

இசைவாணி துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள். வைத்ததையெல்லாம் மறுபடி எடுத்து வெளியே போட்டுவிட்டு, வெறுங்கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் நின்று ஒன்றுதான் சொன்னாள்.

"கொசுன்னு சொன்னியேம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தச் சொல்லில் கோபமே இல்லை. அதுதான் ராஜாமணியைக் கொன்றது.

மெத்தையை அன்றே வெளியில் வைத்துக் கொளுத்தினாள். அதனால் ஆனது ஒன்றுமில்லை. குடிபோனவை சுவருக்குள் சுகமாக இருந்தன. ஹாஸ்டலில் மருந்தடிக்க வந்த கோதண்டம் என்பவரிடம், யாரோ தெரிந்தவர்கள் வீட்டுக் கதை போல மெல்லக் கேட்டாள். அவர் சிரித்தார்.

"தோ, இங்க தூக்கிப் போட்டாங்களே மெத்தைங்க, அதெல்லாம் பூச்சியினாலதாம்மா போட்டாங்க. எவனோ அத அள்ளிக்கினு போயி வூட்ல போட்டுக்குனான் போல கீது."

ராஜாமணி கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அப்புறம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு நிதானமாக விளக்கினார். கடை மருந்து அதைக் கொல்லாது, கலைத்துவிடும். சோறு தண்ணி இல்லாமலே மாசக்கணக்கில் கிடக்கும். துணியெல்லாம் கொதிக்கிற தண்ணியில் போட வேண்டும், கட்டிலின் ஸ்க்ரூ துளை வரைக்கும் வெந்நீர் ஊற்ற வேண்டும், விரிசலைப் பூச வேண்டும், முட்டை பொரியும் நேரம் பார்த்து மறுபடி ஒரு தரம் மருந்து அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டின வீடு மூன்றிலும் ஒரே நாளில் செய்ய வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். கிளியம்மாளிடம் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். கிளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! எங்க வூட்லயும் கொஞ்ச நாளா கீதுடி. ஒனக்குத் தெரிஞ்சா இன்னா நெனப்பியோன்னு மூடிக்கினு கெடக்குறேன்!"

மூன்றாவது வீட்டிலும் அதே கதை. இவள் மருந்தடித்தால் அங்கே ஓடும், அவர்கள் அடித்தால் இங்கே திரும்பும். மானத்துக்குப் பயந்து மூன்று வீட்டாரும் விருந்தாளியை அனுப்புவது போல மாறி மாறி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோதண்டம் வந்து மூன்று வீட்டையும் ஒன்றாக முடித்துக் கொடுத்தார். ராஜாமணி சுவரில் ஒரு விரிசல் விடாமல் வெள்ளை சிமெண்ட் பூசினாள். தூளிப் புடவையை வேகவைத்து, வெயிலில் போட்டு, கவரில் கட்டி வைத்தாள். பிறகு டார்ச்சும் கையுமாகக் கட்டிலையும் சுவரையும் சோதிப்பதே அவளுக்கு வேலையாகிப் போனது. எதுவும் இல்லை. வீடு சுத்தமாகிவிட்டது.

இசைவாணி போனில் பேசினாள், பிள்ளையை வீடியோவில் காட்டினாள். வீட்டுக்கு வா என்றால் மட்டும் பிரவீனுக்கு ஓ.டி. என்பாள், வெயில் என்பாள், மழை என்பாள். பிள்ளை குப்புற விழுந்ததும் தவழ்ந்ததும் ராஜாமணிக்குக் கையகலக் கண்ணாடியில்தான் தெரிந்தது.

பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், தாயும் பிள்ளையும் மட்டும். இசைவாணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். ராஜாமணி கட்டில் பக்கம் போகச் சொல்லவே இல்லை. கவரைக்கூடப் பிரிக்காத புதுப் பாய் ஒன்றை எடுத்து, மகள் கண்ணெதிரே பிரித்து விரித்தாள். இசைவாணி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பிள்ளையை அதில் இறக்கிவிட்டாள். தானும் இறங்கி ஓரமாக உட்கார்ந்தாள். சோறு தின்றார்கள், சிரித்தார்கள், பிள்ளை பாட்டியின் மூக்கைப் பிடித்து இழுத்தது. ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போயேன் என்றாள். இருக்கட்டுமா என்று மகளே யோசித்தாள்.

பொழுது சாயும் நேரம். வாசல் கதவு திறந்திருந்தது. பிள்ளை சிணுங்கியது. இசைவாணி அதன் கையைப் புரட்டிப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு தடிப்பு.

அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"கொசும்மா," என்றாள் ராஜாமணி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பிள்ளை பக்கத்தில் பறந்த ஒன்றை அப்போதுதான் கையால் அடித்திருந்தாள். உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "சத்தியமா கொசும்மா. தோ பாரு, றெக்க கீது பாரு."

இசைவாணி அந்தக் கையைப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள். பஸ் கிடைக்காமல் போய்விடும் என்றாள். வாசலுக்கு வெளியே நின்று பிள்ளையின் கவுனை ஒருமுறை நன்றாக உதறிவிட்டுத்தான் நடந்தாள்.

ராஜாமணி பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே போனாள். ஒரகடம் வழியாகப் போகிற பஸ் வந்தது, ஏறினார்கள், பிள்ளை ஜன்னலில் கையாட்டியது. இவளும் இடது கையை ஆட்டினாள். வலது கையை மூடியே வைத்திருந்தாள். பஸ் போன பிறகு டீக்கடை வெளிச்சத்தில் அதை விரித்துப் பார்த்தாள். அது கொசுதான்.