தற்போது கேட்டுக்கொண்டிருப்பது: சஹானா

அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, கடைசிவரை அவர் கேட்ட பாட்டைப் பற்றி அவரோடு பேசியவள் நீதான், நீயே எழுது என்று அண்ணி சொல்லிவிட்டார். பதினொரு ஆண்டுகள் அவருடன் ஒரு வார்த்தை பேசாதிருந்தவளும் நான்தான். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். எட்டு வயதில் மாத்தளைத் தேர்த் திருவிழாவில் காணாமற்போனாராம். அப்பா தெருத்தெருவாகத் தேடி, கடைசியில் மேளக்காரர்களுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தவரைக் கண்டுபிடித்திருக்கிறார். நாதஸ்வரம் முடியட்டும், அப்புறம் வருகிறேன் என்றாராம். அதற்கு வாங்கிய அடியையும் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

பதினெட்டு வயதில் தோட்டத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா இறந்தபின் குடும்பம் அவர் தோளில் விழுந்தது. தான் படிக்க முடியாததை என்னைப் படிக்கவைத்து, ஆசிரியையாக்கினார். உழைப்பால் உயர்ந்து தொழிற்சாலைப் பொறுப்பாளரானார். இசையை யாரிடமும் அவர் பயிலவில்லை. வானொலியிலும் ஒலிநாடாவிலும் கேட்டுக் கேட்டே ராகங்களை இனங்கண்டுகொண்டார். பாடச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுவார். தனக்குக் காது மட்டும்தான் வாய்த்தது என்பார்.

வஹகோட்டையைச் சேர்ந்த, சிங்களம் பேசும் கத்தோலிக்கரை நான் விரும்பி மணந்துகொண்டேன். அண்ணனிடம் முன்கூட்டிச் சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை. நாள் குறித்த பிறகு அயலார் வாயால் அவர் அறிந்தார். மதத்தைவிட அதுதான் அவரைச் சுட்டது என்று பின்னாளில் அண்ணி சொன்னார். தேவாலயத்துக்கு அவர் வரவில்லை. அம்மாவின் இறுதிச் சடங்கில்கூட நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக நின்றோம்.

பதினோராவது ஆண்டில் ஒருநாள், பள்ளிக்கூட இடைவேளையில், என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. "தற்போது கேட்டுக்கொண்டிருப்பது: சஹானா. வீணை." அதனுடன் ஓர் ஒலிப்பதிவு. நலமா என்று ஒரு சொல் இல்லை. பெயரும் இல்லை. ஆனால் அப்படி எழுதக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன்.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு மூன்று வரும். தோடி, நாதஸ்வரம். காம்போதி, வாய்ப்பாட்டு. ஒரு உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அவற்றைக் கேட்கவில்லை. முதல் பதிவை இரண்டு நிமிடம் கேட்டேன், ஒன்றும் விளங்கவில்லை. அவர் அனுப்புகிறார் என்பதே எனக்குப் போதுமாயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் "அருமையாக இருந்தது, அண்ணே" என்று எழுதி அனுப்பிவிடுவேன்.

ஒருநாள் அப்படி எழுதிய ஐந்தாவது நிமிடம் தொலைபேசி மணியடித்தது. பதினொரு ஆண்டுக்குப் பிறகு அண்ணனின் குரல்.

"என்னா தங்கச்சி அருமையா இருந்துச்சு?"

"பாட்டுதாண்ணே."

"அது பாட்டு இல்லம்மா. கொழுந்து உருட்டுற ரோலர் மிஷின். சத்தம் ஒரு மாதிரியா வருதுன்னு திருத்துறவருக்கு அனுப்பப் பிடிச்சு வச்சிருந்தேன். தவறி உனக்கு வந்திருச்சு."

மறுமுனையில் அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். மன்னிப்பு என்று ஒருவரும் ஒருவரிடமும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என் கணவரும் நானும் எல்கடுவைக்குப் போனோம். அண்ணன் வாசலுக்கு வந்து என் கணவரின் கையைப் பிடித்து, சிங்களத்தில் பேசி உள்ளே அழைத்துப் போனார்.

ஓய்வு பெற்ற சில காலத்தில் அவருடைய செய்திகள் நின்றுபோயின. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஏறினேன். அண்ணி கண்கலங்கி நின்றார். நாற்பதாண்டு இயந்திரச் சத்தம் அண்ணனின் காதைத் தின்றுவிட்டிருந்தது. காதில் பொருத்தும் கருவி பேச்சுக்கு உதவியது. பாட்டு மட்டும் அதில் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது என்று அண்ணன் சொன்னார். கண்டியில் மருத்துவரும் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம்.

"இனி நீ கேளு. கேட்டுட்டு எனக்கு எழுது" என்றார் அண்ணன்.

"எனக்கு ராகம் தெரியாதேண்ணே."

"ராகம் யாரு கேட்டா? எங்க ஏறுறாங்க, எங்க நிக்கிறாங்க, அதைச் சொல்லு. மிச்சம் எனக்குத் தெரியும்."

அப்படித்தான் நான் உண்மையில் கேட்கத் தொடங்கினேன். காலையில் சமைக்கும்போது ஒரு பதிவு. பாடுபவர் ஓரிடத்தில் தயங்கினார், வயலின் அவரை முந்தாமல் காத்திருந்தது என்று எழுதுவேன். எவ்வளவு நேரம் காத்திருந்தது, மேலே போனபின் குரல் மெலிந்ததா என்று பதில் கேள்வி வரும். மறுபடி கேட்பேன். ஒரே பதிவை நான்கு முறை கேட்டதுண்டு. ஈராண்டு இப்படிப் போயிற்று. ராகங்களின் பெயர் இன்றும் எனக்குப் பிடிபடுவதில்லை.

இதய நோயால் மாத்தளை வைத்தியசாலையில் அண்ணன் இருந்தபோது, ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதி எடுத்துப் போவேன். கடைசியாக எழுதியது இது: "புல்லாங்குழல். கீழே இறங்கி, வெகுநேரம் அங்கேயே இருக்கிறார். மேலே வர மனமில்லாததுபோல்." அண்ணன் அதை வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உறங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"நல்லா வாசிக்கிறாரு" என்றார்.

இரண்டு நாள் கழித்து, அண்ணி பக்கத்தில் இருக்க, அமைதியாகப் பிரிந்தார்.

அவருடைய நோய்க்காலத்தில் முகம் கோணாமல் பணிவிடை செய்த தாதியருக்கும், நேரம் பாராமல் ஆட்டோ கொண்டுவந்த அயலவருக்கும், பந்தல் போட்டுச் சமைத்துப் பரிமாறிய தொழிற்சாலை நண்பர்களுக்கும், வஹகோட்டையிலிருந்து வந்து கூட நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அண்ணனைத் தூக்கும் நேரம் வந்தபோது, என் கணவர் தயங்கிக் கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முன்பக்கத்தில் தோள் கொடுக்க வரச் சொன்னவர் அண்ணி. அண்ணி, அதை நாங்கள் இருவரும் மறக்கமாட்டோம்.