துடுப்பில் இருபத்திரண்டு வருட அனுபவம்

என் அக்கா புருஷன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமைச் சமையல்காரர். முந்நூறு நோயாளிகளுக்கு உப்பில்லாத கஞ்சி காய்ச்சுவது அவர் வேலை. ஆள் உயர மரத் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, அடிப்பிடிக்காமல் அண்டாவைக் கிண்டிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்தாலும் அதே குணம்தான். யாரையாவது கிண்டிக் கிளறாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

அப்படிக் கிளறியதில்தான் மகள் போனாள். பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்து, காட்டுக்குள் ஏதோ ஏரிக்கரைக்கு அவள் புறப்பட்ட அன்று, "கொக்கு எண்ணுறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்? போனா அப்படியே போயிடு" என்று வாழ்த்தி வழியனுப்பினார். அவளும் சொல்பேச்சுக் கேட்கிற பெண், அப்படியே போய்விட்டாள். இரண்டு வருடமாக அக்காவுக்கு மட்டும் கடிதம் வரும். 'அப்பா எப்படி இருக்கிறார்' என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. அக்கா படித்து வைத்ததும், பின்பக்கமாவது ஏதாவது இருக்குமா என்று அத்தான் தாளைத் திருப்பிப் பார்ப்பார்.

திடீரென்று ஒரு நாள், "மாப்ளே, லீவு போடு. அவளைப் பார்க்கப் போறோம்" என்றார். ஏரிக்குச் சாலை கிடையாது. ஆற்றில் ஓடம் விட்டுத்தான் போக வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன்.

"உன்னை யாரு நீந்தச் சொன்னா? உட்காரத் தெரியுமில்ல?"

அது இவனுக்கு நன்றாகவே தெரியும் என்று அக்கா சாட்சி சொன்னாள்.

ஓடத்துறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'துடுப்பு பிடித்த அனுபவம், எத்தனை வருடம்?' அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 22 என்று எழுதினார். பொய்யே எழுதாத மனிதர். துறைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மாடி! எங்க சார்?"

"ஆஸ்பத்திரியில."

"ஓ, மீட்புப் படகா!"

அத்தான் பெருமையாகத் தலையாட்டினார். நோயாளியை மீட்பதும் கஞ்சிதானே! இவ்வளவு பெரிய அனுபவசாலியோடு வழிகாட்டியை அனுப்புவது மரியாதைக் குறைவு என்று துறைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் தனியாகவே அனுப்பி வைத்தார்.

ஆறு எங்கள் மேல் இரக்கப்பட்டு, தானே இழுத்துப் போய் ஏரியில் விட்டது. சுற்றிலும் காடு. கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். அங்கேதான் அத்தான் அனுபவத்தைக் காட்டினார். துடுப்பை வட்டமாக, ஆழமாகக் கிண்டினார். ஓடமும் வட்டமாகச் சுற்றியது. ஆழம் தெரியாமல் காலை விட்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் குடும்பத்தோடு விட்டிருந்தோம்.

"அத்தான், ஏரி அடிப்பிடிக்காது. பின்பக்கமா தள்ளுங்க."

"உட்காரத்தானே வந்தே? உட்காரு."

எதிர்க்கரையில் இருந்த மரவீடு எட்டு முறை என் கண்முன் வந்து போனது. ஒன்பதாவது சுற்றில் அதன் வாசலில், தொலைநோக்கியும் கையுமாக, அவள் நின்றாள். எங்களைப் பார்த்தாள். தொலைநோக்கியை இறக்கினாள். உள்ளே போய்விட்டாள்.

அத்தானின் கை நின்றுவிட்டது. "உள்ள போயிட்டா, மாப்ளே. வா, திரும்பிடலாம்."

திரும்பத் தெரிந்திருந்தால் திரும்பியிருப்போம்.

உள்ளே போனவள் துடுப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தன் ஓடத்தில் வந்து எங்கள் ஓடத்தைக் கயிற்றில் கட்டிக் கரைக்கு இழுத்துப் போனாள். இறங்கக் கைகொடுத்தபோதுதான் அவர் உள்ளங்கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"ஒரு வரி எழுதியிருந்தா நானே வந்து கூட்டிட்டு வந்திருப்பேனேப்பா."

"எழுதினேம்மா. மூணு தடவை. எப்படி ஆரம்பிச்சாலும் கடைசியில திட்டிடறேன். கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அதான் நேர்லயே திட்டிட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

"இல்லம்மா. உன் முகத்தைப் பார்த்தா திட்ட வராது."

அவள் அந்தக் கைகளை விடவில்லை. நான் வழக்கம்போல ஏதாவது குத்தலாகச் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கும் வரவில்லை.