பொம்மர் சுற்றிய நேரம் கேட்ட தட்டல்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தேன். கரவெட்டியில் ஒரு வயதான அம்மாவுக்கு நீரிழிவால் காலில் ஆறாத புண். அவரால் நடக்க முடியாததால், ஒன்றுவிட்டொரு நாள் சைக்கிளில் போய் மருந்து கட்டுவேன். வீட்டில் அவரும் மகனும்தான். இளைய மகள் கலியாணமாகி நெல்லியடியில் இருந்தாள். மூத்தவள் முந்தின வருடம் ஷெல்லடியில் இறந்துபோனாளாம், உடல்கூடக் கிடைக்கவில்லையாம். சுவரில் அவளுடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது.

பின்பக்க அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். ஒருநாள் உள்ளே ஏதோ உரசுவதுபோல் இருந்தது. கேட்டேன். எலி என்றார் மகன். நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

நான் போகத் தொடங்கிய மூன்றாம் வாரம், புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது குண்டுபோடும் பொம்மர் விமானம் இரைந்தது. மகன் தாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு வளவில் பதுங்குவதற்கு வெட்டியிருந்த பங்கருக்கு ஓடினார். பின்னால் ஓடிய எனக்கு, அந்த அறைக் கதவை யாரோ உள்ளேயிருந்து தட்டுவது தெளிவாகக் கேட்டது.

பங்கர் வாசலில் நின்று அந்த அறைப் பூட்டின் திறப்பைக் கேட்டேன். "அங்கை ஒருத்தரும் இல்லை மிஸ்ஸி, உள்ளுக்கு வாங்கோ" என்றார் மகன், என் முகத்தைப் பார்க்காமல். எங்கோ குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தது. உள்ளே குதித்துவிடலாம் போலிருந்தது.

"திறப்பைத் தராமல் நான் வரமாட்டன்" என்றேன்.

தாய் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். "மூத்தவள்தான். ஷெல்லடிக்குப் பிறகு அவளுக்குப் புத்தி தடுமாறிப்போச்சு. சின்னவளின்ரை கலியாணம் குழம்பிப்போடும் எண்டு, செத்திட்டாள் எண்டு சொல்லிப்போட்டம்."

முடிச்சில் இரண்டு திறப்புகள் இருந்தன. மற்றது எதற்கென்று கதவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. படத்திலிருந்த அதே பெண், காலில் சங்கிலியோடு நின்றாள். என் வெள்ளை உடுப்பைப் பார்த்ததும், "நான் கத்தேல்லை மிஸ்ஸி, தட்டினது மட்டும்தான்" என்றாள்.

சங்கிலியைக் கழற்றி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பங்கருக்குள் தாய் மகளின் புண்பட்ட கணுக்காலைத் தடவியபடி இருந்தார்.

அடுத்த நாளே டொக்டரிடம் சொல்லி அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். பல மாத வைத்தியத்துக்குப் பிறகு தெளிந்து, சித்தி வீட்டுக்குப் போனாள். தாயின் புண்ணுக்கு நான்தான் தொடர்ந்து மருந்து கட்டினேன்.

ஓர் உயிரைக் காப்பாற்றினாய் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கோ, பத்தடி தள்ளி ஒருத்தி கட்டுண்டு கிடக்க, அந்தச் சத்தம் காதில் விழுந்தும் எலி என்றதை ஏற்றுக்கொண்டு சைக்கிளேறிப் போன அந்த நாள்தான் இன்றும் நெஞ்சை அறுக்கிறது.