ஏரியிலிருந்து மீட்ட கல்யாண மாலை

மகளுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடி அது. பதினெட்டாம் பெருக்கன்று மாப்பிள்ளையும் வந்திருந்தார். கல்யாணத்தில் போட்ட மாலைகளை அன்றைக்கு ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும். காய்ந்துபோன இரண்டு மாலைகளையும் துணிப்பையில் கட்டி, அதற்காகவே சாமி அறை ஆணியில் மாட்டி வைத்திருந்தேன்.

துடியலூரில் பஸ் ஏறினால் மேட்டுப்பாளையம், அங்கே பவானி ஆறு. ஆனால் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் அப்படித்தான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். மகள் பாசியில் வழுக்குவதும், மாப்பிள்ளை அவளைப் பிடிக்கக் குதிப்பதும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

அதனால் பக்கத்திலேயே இருக்கிற ஏரிக்குப் போவது என்று முடிவு செய்தேன். சோளக்காட்டைத் தோண்டி, அடியில் பிளாஸ்டிக் விரித்து, போர் தண்ணீர் நிரப்பி, படகு விடுவதற்கென்றே கட்டிய ஏரி அது. நடுவில் நீரூற்று, சுற்றிலும் கம்பி, கரையில் ஊஞ்சலும் பஜ்ஜிக் கடையும். ஆறாவதோடு படிப்பை விட்டு மில்லுக்குப் போனவள்தான் நான். ஆனாலும் அங்கிருந்த பலகையை எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறேன். ஆழம் நான்கு அடி. அதைப் படித்த அன்றே அந்த ஏரி எனக்குப் பிடித்துப்போயிற்று.

"ஏம்மா, இதென்ன ஆறுங்களா?" என்றாள் மகள்.

"தண்ணி தண்ணிதான் கண்ணு. கும்புட்டுப்போட்டு உடு."

இரண்டு பேரும் சேர்ந்து மாலைகளைத் தண்ணீரில் விட்டார்கள். அவை நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடித்த காற்றில் மெல்லப் போய் நீரூற்றுக்குக் கீழே நின்றன. நின்ற இடத்திலேயே சுற்றின. படகில் போனவர்கள் அவற்றைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஓடாத தண்ணீரில் விட்டால் எங்கே போகும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

காவலாளி விசிலை ஊதிக்கொண்டு வந்தார். வந்தவர் சத்தம் போடவில்லை.

"ஏனுங்கக்கா, அந்த மாலை உங்களுதுங்களா?"

"ஆமாங்க."

"ஒன்னும் வெசனப்படாதீங்க. சாயங்காலம் வலை போட்டு அள்ளி, குப்பை வண்டியில ஏத்தி உட்டுருவோமுங்க."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்! என் மகள் கழுத்தில் ஏறிய மாலை குப்பை வண்டியிலா? அந்த நேரம் பார்த்து வெள்ளகோவிலில் இருந்து சம்பந்தியம்மா மகளுக்குப் போன் செய்தார்.

"மாலைய ஆத்துல உட்டாச்சா அம்மணி?"

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உட்டுக்கிட்டே இருக்கோமுங்க அத்தை."

இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. படகு கொடுப்பவரிடம் போய் நின்றேன். "எனக்கொரு மிதிபடகு குடுங்க."

"அம்மா, மழைத்தண்ணி தேங்கி நின்னாலே சுத்திப் போற ஆளு நீங்க," என்று மகள் கையைப் பிடித்தாள்.

"நீயும் வா. மிதிக்கறதுக்கு ஆள் வேணும்."

மிதவைச் சட்டையின் வார்களை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். படகு முதலில் ஏரிக்குள் போகாமல் படித்துறையையே இடித்துக்கொண்டிருந்தது. நான் திருப்புகிற கம்பியை ஒரே பக்கம் இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று கரையிலிருந்து மாப்பிள்ளை கத்தினார். "கொஞ்சம் தளர்த்துங்க அத்தை! அது எங்கயும் ஓடிப்போகாதுங்க!"

நீரூற்று எங்கள் இரண்டு பேரையும் தலையோடு குளிப்பாட்டியது. கையை நீட்டினேன், எட்டவில்லை. இடுப்பை வளைத்து இன்னும் நீட்டினேன். படகு சாய்ந்தது. மகள் என் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரலில் நார் சிக்கியது. ஊறிப்போய்க் கல் மாதிரி கனத்தன இரண்டு மாலைகளும். இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

கரைக்கு வந்ததும், "வேலியோரத்துல காய வச்சுட்டு நாளைக்குப் போலாமுங்களே அத்தை," என்றார் மாப்பிள்ளை.

"இல்லீங்க மாப்ளே. பெருக்கு இன்னைக்குத்தானுங்க. கெளம்புங்க."

ஈரச் சேலையோடு பஸ்ஸில் உட்கார மனமில்லாமல் மேட்டுப்பாளையம் வரை நின்றுகொண்டே போனேன். ஆறு கரைக்குக் கரை செந்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. படியோரம் மட்டும் இறங்கும்படி போலீசார் கயிறு கட்டியிருந்தார்கள். முதலில் நான்தான் இறங்கினேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் காலால் அழுத்திப் பார்த்தேன். வழுக்காத ஒரு படி கிடைத்ததும் அவர்களைக் கூப்பிட்டேன். என் ஒரு கை கயிற்றில், மறு கை மகளின் மணிக்கட்டில்.

"இப்ப உடுங்க."

அவர்கள் கை எடுப்பதற்குள் ஆறு மாலைகளைப் பிடுங்கிக்கொண்டது. ஒருமுறை மூழ்கி எழுந்து, நடு ஆற்றுக்குப் போய்ப் பாலத்துக்குக் கீழே நுழைந்தன. அங்கே தூணில் சிக்கிக்கொண்டால்? நான் படியேறி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாலத்தின் அந்தப் பக்கம் ஓடினேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இரண்டு மாலைகளும் வெளியே வந்து போய்க்கொண்டிருந்தன.

பின்னாலேயே வந்த மகள் போனை என் காதில் வைத்தாள். "அத்தை பேசறாங்கம்மா."

"போயிருச்சுங்களா சம்பந்தி?"

"போகுதுங்க," என்றேன். "நான் பாத்துக்கிட்டேதான் நிக்கறேனுங்க."