மூன்று முறை பார்த்த ஊர்

சிநேகிதிகளுக்குக் கொச்சி மட்டாஞ்சேரியைச் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று முறை போய்வந்தவள் ஆயிற்றே! போய்வந்தது நிஜம்தான். ஆனால் அரண்மனையையோ, யூதர்களின் பழைய ஜெபாலயத்தையோ, போர்ட் கொச்சியின் சீன வலைகளையோ நான் கண்ணால் கண்டது கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவும், மட்டாஞ்சேரியில் ஒரு மாடி அறையின் ஜன்னலும்தான்.

கல்யாணமாகி ஏழு வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. திருப்பூரில் வைத்தியம் பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலில் யாராவது ஒரு சொந்தக்காரர் நிற்பார். சாயங்காலத்துக்குள் மாமியாருக்குச் செய்தி போய், குறை யாரிடம் என்று பஞ்சாயத்து தொடங்கிவிடும். அதனால் நானும் என் கணவரும் கொச்சிக்குப் போனோம். வீட்டில், "சும்மா சுத்திப் பாத்துட்டு வர்றோம்" என்று சொன்னோம். இரண்டு வருஷத்தில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஊர் திரும்புகிற அன்று எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் அரக்கப்பரக்க நேந்திரங்காய் சிப்ஸும் ஏலக்காயும் வாங்குவோம். ஊர் சுற்றியதற்கு அவைதான் சாட்சி. அவர் பஸ் ஜன்னல் வழியாகக் காயல் நீரைப் படம் எடுப்பார். நான் ரயிலில் உட்கார்ந்து, எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஃபோனில் படித்து மனப்பாடம் செய்வேன்.

மனப்பாடம் செய்ததை என் இரண்டு சிநேகிதிகளிடம் கொஞ்சமும் கூசாமல் அளந்துவிடுவேன். ஆறாம் வகுப்பிலிருந்து கூட இருப்பவர்கள். ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர். பேச்சு குறைவு, கவனிப்பு அதிகம். இன்னொருத்தி மூன்று பிள்ளைக்காரி. அவள் வாய்க்கு மூன்று தெருவையே கட்டி மேய்க்கலாம். சிப்ஸ் பொட்டலத்தை நீட்டும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "உனக்கென்னடி, கையை வீசிட்டுக் கெளம்பிருவ. எங்களுக்கெல்லாம் அப்பிடியா?" நான் சிரிப்பேன். ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிப்போய், உட்காரமுடியாமல் நின்றுகொண்டே சிரித்திருக்கிறேன். அந்த வார்த்தைக்காக அவளை நான் எத்தனை ராத்திரி மனசுக்குள் திட்டியிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது.

போன ஏப்ரலில் அவள்தான் முடிவெடுத்தாள். "ஒரு நாளைக்காச்சும் இந்தப் பசங்கள மாமியாகிட்டத் தள்ளிட்டுப் போலாம். நீ பாத்த அந்தக் கொச்சிய எங்களுக்கும் காட்டு." நான் ஊட்டி என்றேன், குற்றாலம் என்றேன். எதுவும் எடுபடவில்லை. சனிக்கிழமை விடியற்காலை ரயிலேறிவிட்டோம்.

எனக்கு இருந்தது இரண்டு பயம். ஒன்று, பொய் அம்பலமாகிவிடும். இரண்டாவது, இத்தா கண்ணில் பட்டுவிடுவோம். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை இத்தா என்பார்கள். நாங்கள் மூன்று முறையும் தங்கியது அவர் வீட்டு மாடியில்தான். பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த தமிழ்க் குடும்பம். ஐந்து வருஷத்துக்கு முன், கடைசி முறை கருவை உள்ளே வைத்து அனுப்பியபின், பதினைந்து நாள் என்னை மாடிப்படி இறங்கவிடாமல் மூன்று வேளையும் தட்டை மேலே கொண்டுவந்து கொடுத்தவர். மூச்சு வாங்கும், ஆனாலும் வருவார். குழந்தை தங்கியிருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்த அன்று அவரிடம்தான் முதலில் சொன்னேன். என் தலையில் கையை வைத்து ஓதினார், அழுதார். திருப்பூருக்கு வந்து பத்தாவது வாரத்தில் எல்லாம் போய்விட்டது. அவர் ஃபோன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. பிறகு நம்பரையே மாற்றிவிட்டேன். என்ன சொல்வது அவருக்கு?

எர்ணாகுளத்தில் இறங்கிப் படகில் போனோம். பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. நானும் என் கணவரும் முன்பு போனதெல்லாம் பஸ்ஸில், வெறும் வயிற்றோடு, ரத்தப் பரிசோதனைக்கு நேரமாகிவிடுமோ என்ற பதைப்போடு. படகில் ஏறியது எனக்கும் அதுதான் முதல் தடவை.

"என்னடி அது, அத்தாம் பெரிய கிரேனு?" என்றாள் மூன்று பிள்ளைக்காரி.

"கப்பல் கட்டற எடம்" என்றேன் தைரியமாக.

டீச்சர் ஃபோனைப் பார்த்தாள். "வல்லார்பாடம்னு போட்டிருக்குது. கண்டெய்னர் எறக்கற எடமாமா."

"அதத்தான் சொன்னேன்."

அரண்மனையில் சுவர் ஓவியங்களைப் பார்த்தோம். அங்கே பலகையில் எழுதியிருந்ததால் நான் தப்பித்தேன். ஜெபாலயத்தில் மாட்டிக்கொண்டேன். தரையில் பதித்த நீலப்பூ ஓடுகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்று நான் வழியெல்லாம் கதை சொல்லிக் கூட்டிப்போனால், கதவு சாத்தியிருந்தது. எதிரே பாசிமணி விற்றுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னு சனியாழ்ச்சயல்லே சேச்சி. தொறக்கில்லா."

சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள். மட்டாஞ்சேரியை ஒரே ஒரு முறை சுற்றிப்பார்த்தவருக்குக்கூட அது தெரிந்திருக்கும். டீச்சர் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சனிக்கெழம காலைலதான பாத்தீங்க? கூட்டமே இல்லைன்னு சொன்ன."

"அப்பத் தொறந்திருந்துது."

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். மூன்று பிள்ளைக்காரிதான் வழக்கம்போல ஆரம்பித்தாள். "மூணு தடவ வந்தவளுக்கு இதுகூடத் தெரியல. நல்லா ஊரு சுத்துனடி! புருசன் மூஞ்சியவே பாத்துட்டு நின்னிருப்ப. புள்ளகுட்டியா இழுக்குது, உனக்கென்ன?"

நான் முன்னால் நடந்தேன். அழுகை வந்தது. வியர்வைதான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தேன். எந்தத் திசையில் போகிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டு சந்து தாண்டியிருப்போம். பின்னால் அவள் சத்தம் நின்றிருந்தது. திரும்பினால், ஒரு கடைப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் வெளுத்துவிட்டது.

"கண்ணக் கட்டுதுடி" என்றாள். பாட்டிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடையும் பூட்டிக் கிடந்தது.

அப்போதுதான் அந்த வாசம் மூக்கில் ஏறியது. சுக்கு. மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே சுக்கு கோடவுன். பதினைந்து நாளும் அந்த வாசத்தைத்தான் முகர்ந்துகொண்டு படுத்திருந்தேன். முக்கு திரும்பினால் இத்தாவின் வீடு. திரும்பி ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் இவள் உதடெல்லாம் காய்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன செய்ய? இரண்டு பேருமாக அவளைத் தாங்கிக்கொண்டு முக்கு திரும்பினோம்.

இத்தா வாசலில் நின்று மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"மோளே! நீயா? எத்தற வருஷமாச்சு!"

பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரைத் தேடுகிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. "முதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்க இத்தா" என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டேன்.

மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்து, உப்பும் சர்க்கரையும் போட்ட நாரங்கா வெள்ளம் கொண்டுவந்தார். எலுமிச்சம்பழச் சாற்றுக்கு அங்கே அதுதான் பெயர். அவளுக்கு முகம் தெளிய ஆரம்பித்ததும் இத்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கொச்சு எங்க? பிள்ளையைக் கொண்டு வரலையா? இப்போ ஸ்கூலுக்குப் போகத் தொடங்கியிருக்குமே."

டீச்சர் தரையைப் பார்த்தாள். இன்னொருத்தியின் கையில் தம்ளர் பாதி வழியில் நின்றது.

"ஆமா இத்தா" என்றேன். "எல்கேஜி போகுது."

"ஆணா, பெண்ணா?"

"பொண்ணு."

"அல்ஹம்துலில்லாஹ்! நீ போன் எடுக்காதப்போ நான் எந்தெல்லாமோ நினைச்சுப் பேடிச்சேன், பயந்துபோயிட்டேன் மோளே. ஆஸ்பத்திரிக்கு நடந்து நீ பட்ட பாட்டுக்கு, எல்லா நோம்பிலும் உனக்குவேண்டி துஆ செய்தேன்." என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தார். "எங்க விட்டுட்டு வந்தே?"

அதுவரை அளந்த பொய்யெல்லாம் எங்கே போயிற்றோ, ஒரு வார்த்தை வரவில்லை.

"எங்கூட்டுலதானுங்க" என்றது ஒரு குரல். மூன்று பிள்ளைக்காரி தம்ளரைக் கீழே வைத்திருந்தாள். "எம் பசங்களோட வெளையாடிட்டு இருக்குது. இந்த வெய்யில்ல எங்க தூக்கிட்டு அலையறதுன்னு நாந்தான் வேண்டாம்னேன்."

"நல்ல காரியம். யாரு சாயல்?"

"இவளேதானுங்க. அந்தக் கண்ணு, அந்த முழி. ஒரு எடத்துல நிக்காது. பயங்கர வாலு." அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இத்தாவைப் பார்த்தே சொன்னாள். "பொய் சொன்னா மட்டும் மூக்கு செவந்துரும். உடனே மாட்டிக்கும்."

இத்தா சிரித்தார். உள்ளே போய் ஒரு டப்பாவிலிருந்து சர்க்கரை வரட்டியை, வெல்லப்பாகில் புரட்டிய வாழைக்காய்த் துண்டுகளை, ஒரு காகிதத்தில் கொட்டி மடித்துக்கொண்டு வந்தார். "கொச்சுக்குக் கொடு. உம்மும்மா, மட்டாஞ்சேரிப் பாட்டி கொடுத்தாள்னு சொல்லு. அடுத்த தடவ அவளைக் கொண்டு வராம வாசல்ல கால் வெக்கப் பாடில்லா." நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு நாங்கள் எதையும் பார்க்கவில்லை. சீன வலையும் வேண்டாம், கடற்கரையும் வேண்டாம் என்று யாரும் சொல்லாமலே படகுத்துறைக்கு வந்துவிட்டோம். படகு கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் மூன்று பிள்ளைக்காரி கேட்டாள்.

"மூணு தடவயும் ஆஸ்பத்திரிக்கா?"

தலையசைத்தேன்.

"நான் என்னென்ன பேசிருக்கறேன். வாய் மேலயே ஒண்ணு போட்டிருக்கலாமில்ல? எதுக்குடி சிரிச்ச? ஒவ்வொரு தடவயும் எதுக்குடி சிரிச்சுட்டு நின்ன?" படகில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். எனக்கு அவள் மேல் வைத்திருந்த கோபம் எங்கே இருக்கிறது என்று தேடிப்பார்த்தேன். அழத்தான் முடிந்தது. பத்தாவது வாரத்துக்குப் பிறகு, இன்னொருவர் எதிரில் நான் அழுதது அன்றைக்குத்தான்.

ரயிலில் பாலக்காடு தாண்டும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. என் மடியிலிருந்த பொட்டலத்தை டீச்சர் பசியில் தெரியாமல் பிரிக்கப் போனாள். மூன்று பிள்ளைக்காரி அவள் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"அது புள்ளைக்குக் குடுத்தது."

டீச்சர் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மூன்று பிள்ளைக்காரி என் காதருகே வந்து, அந்த வாயிலிருந்து இத்தனை மெதுவாக ஒரு பேச்சு வருமா என்று ஆச்சரியப்படும்படி கேட்டாள்.

"பேரு ஏதாச்சும் யோசிச்சு வெச்சிருந்தயா?"

வைத்திருந்தோம். பையன் என்றால் அவர் வைப்பது, பெண் என்றால் நான் வைப்பது. கரு கலைந்தபின் அவரும் நானும் வீட்டில் அந்தப் பெண் பெயரை எடுப்பதில்லை. டி.வி.யில் யாராவது அந்தப் பெயரோடு வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

சொன்னேன்.

அவள் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, கடைசி எழுத்தை நீட்டி இன்னொரு முறை சொன்னாள்.