ஒரு மாதம் பெட்ரோலைத் தொடுவதில்லை

முப்பத்தோரு வருஷம் டீசல் எஞ்சின்களோடு வாழ்ந்தவன் நான். கோலார் தங்கவயலில் இருக்கும் கனரக இயந்திரத் தொழிற்சாலையில், புல்டோசர்களுக்கு எஞ்சின் பூட்டுகிற பிரிவில் வேலை. ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நின்றால் எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவேன். வீட்டில் சொல்வதுதான் காதில் விழுவதில்லை என்பது என் மனைவியின் புகார்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், பொழுது போகட்டும் என்று கைப்பேசியில் ஒரு கட்டுரையை அனுப்பினாள். உலகத்தின் பெரிய எண்ணெய் வயல்கள் பலவற்றுக்கு வயதாகிவிட்டது என்றது அந்தக் கட்டுரை. ஆரம்பத்தில் தானாகப் பீறிட்டு வந்த எண்ணெய், பிறகு தண்ணீரை உள்ளே செலுத்தித் தள்ளினால்தான் வருகிறது. கடைசியில் தண்ணீர்தான் அதிகம் வருகிறது. நம் நாட்டுக் கிணறுகளிலும் வரத்து குறைந்துகொண்டே போகிறது, தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறோம் என்றும் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்நாளெல்லாம் எனக்குச் சோறு போட்ட டீசலைப் பற்றி யாரோ மருத்துவமனையிலிருந்து செய்தி அனுப்பியது போல் இருந்தது.

அன்றிலிருந்து கிடைத்தவர்களிடம் எல்லாம் இதையே பேசினேன். சலூனில் பேசினேன். பால் பூத்தில் பேசினேன். சாம்பியன் என்கிற பழைய சுரங்கக் குடியிருப்பில் ஒரு துக்க வீட்டுக்குப் போனபோது, இறந்தவர் லாரி ஓட்டியவர் என்பதால் அங்கேயும் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. வெளியே வந்ததும் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னாங்க இது? எழவு வூட்ல வந்து பெட்ரோலு டீசலுன்னு. அவுங்க வூட்டுக்காரரு போனதே போதாதா?"

அவள் இந்த ஊர்க்காரி. அவளுடைய பாட்டன் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நான் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவன். பேத்தமங்கலத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அவள், போய் வர ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். என்னைக் கேட்காமலே வாங்கினாள். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். எஞ்சினே இல்லாமல் மோட்டாரில் ஓடும் அந்த வண்டியை நான் மிக்ஸி என்றுதான் சொல்வேன். எண்ணெய் தீரப் போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, வீட்டில் இருக்கும் மின்சார வண்டியைக் கேலி செய்வதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தார். மாதக் கூட்டத்தில் பேச வேண்டிய கண் டாக்டர் வரவில்லையாம்.

"நீங்க அந்த எண்ணெய் விஷயத்தைப் பேசிடுங்க சார். அரை மணி நேரம் போதும்."

சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்து ஓடினேன். நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தொழிற்சாலைக்காரர்கள், மீதிப் பேர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். எல்லார் கையிலும் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு. கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் முன்னால் நின்று நான் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி ஆரம்பித்தேன். ஆச்சரியம் என்னவென்றால் ஒருவரும் தூங்கவில்லை. பூமிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுக்கிற பேச்சு என்றால் இந்த ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

"ஆகவே, எண்ணெய் ஒரு நாள் முழுவதுமாகத் தீர்ந்துபோகும்" என்று முடித்தேன்.

"தீராது மாப்ளே" என்றது ஒரு குரல். என் மனைவியின் சித்தப்பா. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை இழுக்கிற பெரிய மின்சார எந்திரத்தை ஓட்டியவர். "நம்ம மைன்ல தங்கம் தீந்துபோயா மூடுனாங்க? இன்னும் கீது. எடுக்கிற செலவு தாங்கல, மூடிட்டாங்க. எண்ணையும் அப்பிடித்தான். அது உள்ள கெடக்கும். நம்மாலதான் வாங்க முடியாது."

சபை முழுக்கத் தலையாட்டியது. நான் பத்து கட்டுரை படித்துத் தெரிந்துகொண்டதைவிட இது தெளிவாக இருந்தது. கொஞ்சம் அசடு வழிந்து, "அதைத்தான் நானும் சொல்கிறேன் மாமா. இனிமேல் நாம் மின்சாரத்துக்கும் ரயிலுக்கும் மாற வேண்டும்" என்றேன்.

"கரண்ட்டு நமக்குப் புதுசா? பெங்களூருக்கு முன்னாடியே நம்ம ஊருக்கு வந்திச்சே" என்றார் அவர். பிறகு ரொம்ப மரியாதையாக, "ஆமா, நீங்க இன்னிக்கி எதுல வந்தீங்க?" என்று கேட்டார்.

"பைக்கில்."

"வூடு?"

என் வீடு கூட்டம் நடந்த மண்டபத்திலிருந்து இரண்டாவது தெரு என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். சிரிப்பு பின் வரிசையில் ஆரம்பித்து முன் வரிசைக்கு வந்தது. செயலாளர் கூட வாயைப் பொத்திக்கொண்டார். அவமானத்தில் மனிதன் என்ன பேசுகிறான் என்று அவனுக்கே தெரிவதில்லை.

"இன்றிலிருந்து ஒரு மாதம் நான் பெட்ரோலைத் தொடுவதில்லை" என்றேன்.

கைதட்டினார்கள். செயலாளர் அதைத் தீர்மானம் போல நோட்டில் எழுதிக்கொண்டார். நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதல் வாரம் நடந்தேன். நடப்பது கஷ்டமாக இல்லை; நடப்பதற்குக் காரணம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போவதற்குள் நாலு பேர் வண்டியை நிறுத்தி, "சுகரா சார்?" என்று அனுதாபமாகக் கேட்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து சட்டம் வகுக்க ஆரம்பித்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறலாமா? ஆட்டோ கேஸில் ஓடுகிறது, ஆனால் அந்த கேஸும் எண்ணெய்க்குக் கூடப் பிறந்ததுதானே என்றார் ஒருவர். பஸ்? நீங்கள் ஏறாவிட்டாலும் அது போகத்தான் போகிறது, அதனால் ஏறலாம் என்று தீர்ப்பானது. ரயில் மின்சாரத்தில் ஓடுகிறது, தாராளமாக ஏறலாம். வீட்டில் சமையல் கேஸ் பற்றி ஒருவர் சந்தேகம் எழுப்பினார். அதை நான் மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

"அந்த டீக்கடைக்காரரையே சோறு போடச் சொல்லுங்க" என்றாள்.

நான்காவது வாரம், என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் பங்காருபேட்டையில் வீடு கட்டிக் குடி போனார். ஞாயிற்றுக்கிழமை விருந்து. அந்த நேரத்துக்குத் தோதாக ரயில் இல்லை; பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மனைவி ஸ்கூட்டரை வெளியே எடுத்தாள். "ஏறுங்க" என்றாள்.

முப்பத்தோரு வருஷ டீசல்காரன், மிக்ஸியின் பின்சீட்டில், மடியில் பரிசாக வாங்கிய இட்லிப் பானைப் பெட்டியோடு ஏறினேன். எங்கள் தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. வண்டி சத்தமில்லாமல் போனதால், எல்லாரும் என்ன சொன்னார்கள் என்பது தெளிவாகக் காதில் விழுந்தது.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. விருந்து முடிந்து திரும்பும்போது, பாதி வழியில் மனைவி வண்டியை ஓரம் கட்டினாள். முன்னால் இருந்த சின்னத் திரையில் சிவப்பாக ஏதோ மின்னியது.

"சார்ஜ் இல்ல. நேத்து சாயங்காலம் போட்டுட்டுத்தானே கோயிலுக்குப் போனேன். எப்பிடி ஏறாம போச்சி?"

நான் சாலையோரப் புளியமரத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"என் போனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது" என்றேன். "ஸ்கூட்டர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு போனைப் போட்டேன். திரும்பப் போட மறந்துவிட்டேன்."

"போன்ல அப்பிடி இன்னா பாத்தீங்க?"

"மின்சார வண்டிகளின் எதிர்காலம் பற்றி ஒருவர் பேசினார்."

திட்டியிருந்தால் தேவலை. முன்னால் இருந்த மேட்டில் இரண்டு பேரையும் வண்டி இழுக்காது என்று என்னை இறக்கிவிட்டு அவள் மட்டும் ஏறிப் போனாள். நான் புதுச் செருப்போடு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் நடந்தேன். அதே விருந்துக்கு வந்திருந்த இரண்டு நண்பர்கள் காரில் என்னைத் தாண்டிப் போனார்கள். நிறுத்திக் கேட்டார்கள். காரில் ஏறினால் சபதம் போய்விடும் என்று, "சாப்பாடு செரிக்கட்டும்" என்று அனுப்பிவிட்டேன்.

மேட்டின் உச்சியில் ஒரு மாவு மில் இருந்தது. மனைவி அதன் வாசலில் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ராகி டின்களோடு ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மில்லை நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தெலுங்கு வீட்டுத் தமிழ் பேசினார்.

"ப்ளக் இருக்குது அண்ணா, கரண்ட்டுதான் லேது. காலைலேர்ந்து லைன்ல வேலை செய்றாங்க. எங்க ஜெனரேட்டரும் படுத்துடுச்சி. மெக்கானிக் ஊர்ல இல்ல."

"என்ன ஜெனரேட்டர்?" என்று கேட்டேன்.

"டீசல் அண்ணா."

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் என் கால் வலி போய்விட்டது. இட்லிப் பானையைக் கொடுத்துவிட்டு வந்தபோது மடி காலியாக இருந்ததைப் போலவே என் கையும் ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலியாக இருந்தது. மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், மாவும் தூசியும் படிந்து நின்றது அந்த எஞ்சின். டாங்கைத் திறந்து பார்த்தேன். டீசல் இருந்தது.

"நடுவில் இது வறண்டு போகும்வரை ஓட்டினீர்களா?"

"அப்புறமா ஊத்தினேன் அண்ணா. ஊத்தியும் ஓடல."

டாங்க் வறண்டால் டீசல் போகிற குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். காற்றை வெளியேற்றாமல் எவ்வளவு ஊற்றினாலும் எஞ்சினுக்குப் போய்ச் சேராது. ஒரு ஸ்பானர் கேட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வடிகட்டியின் மேல் இருந்த திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்க ஆரம்பித்தேன். நுரையாக வந்தது. அமுக்க அமுக்க நுரை குறைந்து, கடைசியில் சுத்தமான டீசல் வழிந்தது. திருகை இறுக்கி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. டீசல் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

மில் ஓடியது. பெண்கள் டின்களோடு எழுந்தார்கள். சுவரில் இருந்த ப்ளக்கில் மனைவி ஸ்கூட்டரைச் செருகினாள். ராகி அரைபட்டு முடியும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் சார்ஜ் ஏறியது. என் வெள்ளைச் சட்டையில் இருந்த கருப்பு மசியைப் பார்த்து, அன்று முதல் முறையாக அவள் சிரித்தாள்.

"டீசலை எரிச்சி கரண்ட்டு பண்ணி, அதுல பேட்டரி வண்டி. எண்ணெய் மிச்சம் புடிக்கிற மூஞ்சியப் பாரு" என்றாள்.

"பெட்ரோலைத்தானே தொடுவதில்லை என்றேன்" என்றேன்.

மில்லம்மா ஒரு பை நிறைய ராகி மாவு கொடுத்து, என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எனக்குப் பாராட்டு, மனைவியையும் கூட்டி வாருங்கள் என்று செயலாளர் சொல்லியிருந்தார். மறைக்க மனம் வரவில்லை. எழுந்து நின்று மாவு மில் கதையைச் சொன்னேன். பெரிய வாக்குவாதமே நடந்தது. நோட்டில் பெட்ரோல் என்றுதான் எழுதியிருக்கிறது, டீசல் என்று இல்லை என்றார் செயலாளர். அப்படியென்றால் லாரியில் போயிருந்தாலும் சரியா என்று கேட்டார் இன்னொருவர். எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கி வண்டில ஏறுனது டீசல் கரண்ட்டு" என்றார் அவர். "அதனால மாசம் செல்லாது. ஒண்ணாந்தேதிலேர்ந்து மறுபடி ஆரம்பிங்க மாப்ளே."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள், "சித்தப்பா சரியாத்தான் சொல்றாரு. இவருக்கு தொப்பை கூட எறங்கிக்கீது" என்றாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இரண்டாவது மாதம் தெருவில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, காரணம் கேட்கவில்லை. அந்த மாதம் தவறில்லாமல் முடிந்தது. மூன்றாவது மாதத்தையும் யாரும் சொல்லாமலே தொடர்ந்தேன்.

சில வாரங்கள் கழித்து மில்லம்மா போன் செய்தார். கூரை மேல் சோலார் பலகை போட்டால் பகலில் மில்லை ஓட்டலாம் என்று அவருடைய மகள் சொல்கிறாளாம். "நீங்க எஞ்சின் தெரிஞ்சவரு. போடலாமா அண்ணா?" என்று கேட்டார்.

நேரில் போய்ப் பார்த்தேன். கூரைமேல் ஏறி, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். கீழே கொட்டகையில் அந்த எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. போட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். வாய்வரை வந்தது. மனைவி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்கம்மா" என்றேன். "ஆனால் எஞ்சினை இப்போதே விற்றுவிடாதீர்கள். மழைக்காலம் ஒன்று போகட்டும்."

பலகை போட்டு முடித்த வாரம் மறுபடி போனோம். நல்ல வெயில். ஜெனரேட்டர் மேல் சாக்குப் போர்த்தியிருந்தார்கள். புகை இல்லை, தடதடப்பு இல்லை. ராகி அரைபடும் சத்தம் மட்டும் கேட்டது. இவ்வளவு பெரிய மாற்றத்தைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று வரிசையில் கடைசியாக நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

"மாவு எப்படி இருக்கிறது?"

அவர் டின்னுக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "மாவு மாதிரிதான் கீது சார்" என்று சொல்லிவிட்டு, டின்னைத் தலையில் தூக்கி வைக்க ஒரு கை கேட்டார். தூக்கிவிட்டேன்.