சுவரோரம் சாய்த்து வைத்த அப்பா

சமைக்கவே கூடாது என்ற நிபந்தனையோடு வாடகைக்கு விட்ட அறையில், ஞாயிறுதோறும் குக்கர் விசிலடித்தால் வீட்டுக்காரிக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? சிங்கப்பூரில், தோ பாயோவில், பதினோராவது மாடியில் இருக்கும் என் அறையில் அடுப்பு கிடையாது. ஆனாலும் விசில் கேட்கும், கடுகு வெடிக்கும், ஒரு குழந்தை சிணுங்கும். வீட்டுக்காரி சீனப் பெண்மணி, அறுபதைத் தாண்டியவர். எனக்கு ஆன்ட்டி. ஒருநாள் கதவைத் தட்டி, "யூ காட் குக்கிங் ஆ?" என்று மோப்பம் பிடித்தபடி உள்ளே பார்த்தார். நான் கைபேசியைத் தூக்கிக் காட்டி, "மை ஒய்ஃப், மை டாட்டர்" என்றேன். அந்த நேரம் பார்த்துத் திரையில் யாரும் இல்லை. வெறும் கூடம் தெரிந்தது. பேச்சுக்குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஹவ் லாங் ஆல்ரெடி?" என்றார்.

ஊரைவிட்டு வந்து எவ்வளவு காலமாகிறது என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, "த்ரீ இயர்ஸ்" என்றேன்.

"சைல்ட் ஆல்ஸோ?"

"யெஸ், சைல்ட் ஆல்ஸோ."

"ஸோ யங்" என்று முனகிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். அடுத்த ஞாயிறு என் அறை வாசலில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களும், புகைந்துகொண்டிருந்த ஊதுபத்திகளும் இருந்தன. அது சீனர்களின் ஏழாம் மாதம், செத்தவர்கள் வந்துபோகும் மாதம் என்று வேலையிடத்தில் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. இறந்துபோன பெண்டாட்டி பிள்ளையோடு நான் குடித்தனம் நடத்துவதாக ஆன்ட்டி முடிவுகட்டியிருக்கிறார். விழுந்து விழுந்து சிரித்தேன். பழத்தையும் உரித்துத் தின்றேன்.

வெளிநாட்டில் இருக்கும் உங்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆறு நாள் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஏழாம் நாள் கைக்குக் கிடைத்ததும் வீட்டுக்கு வீடியோ அழைப்பைப் போட்டுவிட்டு, கட்டிலில் சாயங்காலம் வரை கிடப்பேன். பேச ஒன்றும் இருக்காது. அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்கள், நான் பாட்டுக்கு அவர்களைப் பார்ப்பேன். குளத்தூர்ப் பக்கம் உள்ள எங்கள் வீட்டின் கூடத்தில் ஒரு பிளக் பாயிண்ட்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் சுவரோரம் ஒரு ஸ்டூலில் கைபேசியைச் சாய்த்து வைத்திருப்பார்கள். கறிக்குழம்பு இறக்கியதும் என் ஐந்து வயது மகள் தர்ஷினி தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் காட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பாள். "அப்பாகிட்ட காட்டிட்டியா?" என்று என் மனைவி சுகன்யா உள்ளேயிருந்து கேட்பாள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஓய்வு நாள் முழுவதையும் குடும்பத்துக்கே கொடுக்கிற யோக்கியன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மூன்று வருடத்தில் இந்த ஊரின் ஒரு பூங்காவைக்கூட நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு, பக்கத்துத் தெரு வளைகாப்புக்கு இருவரும் கிளம்பினார்கள். சுகன்யா அழைப்பை அணைக்காமலே வாசலுக்குப் போய்விட்டாள். தர்ஷினி ஸ்டூல் முன்னால் குனிந்து, "நாங்க போயிட்டு வாரோம். நீ வீட்டப் பாத்துக்க" என்றாள். சாமி படத்திடம் சொல்கிற அதே குரல். வெளியே பூட்டு விழுந்தது.

நானும் பார்த்துக்கொண்டேன். மின்விசிறி ஓடியது. கொடியில் கிடந்த துண்டு ஆடியது. சன்னல் வெளிச்சம் தரையில் மெல்ல மெல்ல நகர்ந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். "வீட்ல ஆளில்லையா?" என்று ஆண் குரல். யோசிக்காமல், "இருக்கேன்" என்றேன். பூட்டைப் பார்த்திருப்பார் போலும். பிறகு செருப்புச் சத்தம் வேகவேகமாக விலகிப் போனது. எனக்குப் பசித்தது. கீழே போனால் சாப்பாட்டுக் கடை. ஆனால் நான் எழுந்துவிட்டால் வீட்டில் யார் இருப்பார்கள் என்று தோன்றியது. எழுந்திருக்கவில்லை.

புடவை எடுத்த அவசரத்தில் சுகன்யா எதிர்ச் சுவரிலிருந்த பீரோக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. அதன் கண்ணாடி என் பக்கம் திரும்பியிருந்தது. வெளிச்சம் அங்கே போனதும் கண்ணாடிக்குள் நான் இருக்கும் சுவர் தெரிந்தது. மேலே, போன வருடம் இறந்த என் அப்பாவின் படம், மாலையோடு. அதற்கு நேர் கீழே, வெளிச்சம் போட்ட சின்னச் சட்டத்துக்குள் என் முகம். என் முன்னாலும் ஒரு செம்பருத்தி. தர்ஷினிதான் வைத்திருக்க வேண்டும். நான் கையை ஆட்டினேன். கண்ணாடியில் அந்தக் கை கொஞ்சம் தாமதித்து ஆடியது. ஆன்ட்டி ஆளை மாற்றித்தான் நினைத்துவிட்டார், ஆவி நான்தான். இப்படியே விட்டால் என் மகளுக்கு மிஞ்சப்போவது அப்பா அல்ல, இன்னொரு படம். அன்றுதான் முதல்முறையாக அழைப்பை நானே அணைத்தேன்.

மறுநாள் சுகன்யாவிடம் சொன்னேன். "இனிமே ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரந்தான். மூஞ்சியப் பாத்துப் பேசுவோம். மத்த நேரம் நான் வெளிய போறேன்."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?" என்றாள்.

"சொல்லு."

"மூணு வருசமா ஞாயித்துக்கெழம மத்தியானம் நான் படுத்ததே இல்லைங்க. நீங்க பாத்துக்கிட்டே இருக்கையில எப்புடிக் கால நீட்டுறது? கீரனூர்ல அக்கா வீட்டுக்குப் போனாக்கூட, ஒங்களத் தனியா விட்டுட்டு வந்தாப்புல இருக்கு."

அவள் அழவில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஆற இரண்டு நாள் பிடித்தது. அவளுடைய ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து நான்தான் தின்றிருக்கிறேன்.

ஓய்வு நேரத்தை நம் கைக்குள் கொண்டுவருவது சொல்லச் சுலபம். முதல் வாரம் பஸ் ஏறி ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போனேன். கை சும்மா சும்மா சட்டைப்பைக்குப் போனது. ஊரில் தர்ஷினி ஸ்டூலைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். மூன்றாவது வாரம் எங்கள் ஒரு மணி நேரத்தில் அவள் கேட்டாள். "அப்பா, நீ இன்னைக்கி எங்க போன?" இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிக் கேட்டதேயில்லை. போக ஓர் இடம் உள்ள ஆளாக அன்றுதான் அவளுக்கு நான் தெரிந்தேன். தண்ணீருக்கு வெளியே கழுத்தை நீட்டிய ஆமையைப் பற்றிச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

சுகன்யா இப்போது ஞாயிறுதோறும் தர்ஷினியோடு கீரனூர் போய் அக்காவிடம் ஸ்கூட்டி ஓட்டப் பழகுகிறாள். ஊரில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது, இங்கே என் அறை பூட்டிக் கிடக்கிறது. நேற்று நீர்த்தேக்கத்தின் பலகைப் பாதையில் உட்கார்ந்திருந்தபோது, இந்நேரம் வீட்டில் யாருமே இல்லையே என்ற நினைப்பு திடுக்கென்று வந்தது. எந்த வீட்டை நினைத்தேன் என்று கொஞ்ச நேரம் எனக்கே பிடிபடவில்லை.